அம்மாவின் வேண்டுதலும் என் தொளதொளத்த தோலும்

என்னைப் பெற்றவளும், பெற்றதோடு நிறுத்தாமல் ஊட்டி ஊட்டிப் பெருக்கியவளுமான அம்மாவுக்கு,

உன் குண்டன் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வேண்டுதலை முடித்துவிட்டோம். இதை ஊரறியவே எழுதுகிறேன். தண்டையார்ப்பேட்டையில் பாதிப் பேர் நேரில் பார்த்துவிட்டார்கள். மீதிப் பேர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வயிற்றுப் புண்ணுக்கு என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நம் தெரு அம்மன் வாசலில் நின்று நீ என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? "எம்புள்ள எயுந்து நடந்தா, அவன் எடைக்கு எடை வெல்லம் குடுக்கறேன் தாயே." பக்கத்தில் நின்றிருந்த கரீம் பாய், "ஆத்தா, யோசிச்சு வேண்டிக்கோ. உம்புள்ள எடைக்கு வெல்லம்னா கரும்புத் தோட்டமே காலி" என்றார். நீ அவரை முறைத்த முறைப்பில் அவருடைய விறகுத் தொட்டியே பற்றியிருக்க வேண்டும்.

நான் எழுந்து நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நீ கண்ணை மூடினாய். ஆனால் சுருங்கியதைப் பார்க்கவில்லை. இரைப்பையில் பெரும்பகுதியை டாக்டர் வெட்டி எறிந்துவிட்டார். மிச்சமிருப்பதில் ஒரு கைப்பிடி சோறு போட்டால் நிறைந்துவிடுகிறது. எனக்கா, ஒரு கைப்பிடி! நீ எனக்கு ருசி பார்க்கக் கொடுப்பதே அதைவிட அதிகமாக இருக்கும். வலி போயிற்று, சதை போயிற்று, மூச்சு வாங்குவதும் போயிற்று. ஹார்பர் படியில் இப்போது நான் ஏறுவதைப் பார்த்தால் நீயே திருஷ்டி கழிப்பாய்.

போகாதது தோல் ஒன்றுதான். உள்ளே இருந்தவன் காலி செய்துகொண்டு போய்விட்டான், வீடு அப்படியே நிற்கிறது. வயிற்றுத் தோலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேட்டி கட்ட வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் அது எனக்குப் பக்கத்தில் தனியாகப் படுத்துக்கொள்கிறது. ரிக்‌ஷாவைக் கூப்பிடக் கையை ஆட்டினால், கை நின்ற பிறகும் கைத்தோல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் புண்ணானது. தனம் பவுடர் போட்டுப் போட்டுச் சலித்துப்போய், "உன்ன கட்டிகினதுக்கு ஒரு அப்பளக் கடை வெச்சிருக்கலாம்யா, மாவு தூவத் தூவ வருமானமாச்சும் வந்திருக்கும்" என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். "இந்த வயசில் அது திரும்ப இறுகாது, அதோடு வாழப் பழகிக்கொள்" என்றார். அவருக்கென்ன, சட்டையைப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டார்.

கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைத் துறைமுகத்தில் எண்ணிக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். அங்கே ஒருவன் கேட்டான்: "இன்னா ஏகாம்பரம், சரக்க எறக்கிட்டு சாக்க மட்டும் எட்த்துகினு வந்துட்டியா?" எல்லாருக்கும் முன்னால் நான்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு வந்து தெருக் குழாயில் குளிப்பதை நிறுத்திவிட்டேன். அடுப்பங்கரைக்குப் பின்னால், கதவைச் சாத்திக்கொண்டு, கல்யாணப் பெண்ணைப் போலக் குளித்தேன்.

உன் வேண்டுதல் தள்ளிப்போனதும் அதனால்தான் அம்மா. துலாபாரத்தில் மேல்சட்டை இல்லாமல்தானே உட்கார வேண்டும்? அதுவும் ஆடி மாதம், கூழுக்கு வந்த கூட்டம் முழுவதும் பார்க்க? தனம் கேட்கும்போதெல்லாம் "அடுத்த ஆடிக்கு" என்பேன். நீ போன பிறகு உன் வார்த்தையை நான் கிடப்பில் போட்டேன் என்று அவளுக்குக் கோபம். எனக்கு அந்த அம்மன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இப்போது நல்ல செய்தி. வைகாசியில் உன் பேத்தி சரோஜாவுக்கு நம் வீட்டில் பெண் பிறந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் சுருக்கம். நம் சின்னது வள்ளி எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்து கத்தினாள்: "நைனா! பாப்பாவுக்கும் உன்னிய மாதிரியே தோலு லூசா கீது!" நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் அவளுக்குத் தோல் முதலில் வந்துவிட்டது, சதை பின்னால் வரும். எனக்கு மாற்றி நடந்திருக்கிறது, அவ்வளவுதானே?

மருத்துவச்சி முனியம்மாக்கா சரோஜாவுக்கு வயிற்றுத்துணி கட்ட வந்தாள். நான் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"அடேய் ஏகாம்பரம், புள்ள பெத்தது நீயா, உம்பொண்ணா?"

"இன்னாக்கா, வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?"

"வா இப்பிடி. பெத்த வவுத்துக்கும் இத்துப்போன வவுத்துக்கும் வைத்தியம் ஒண்ணுதான். அடியே தனம், உன் மாமியா பொட்டியில நல்லா நைஞ்ச பொடவையா ஒண்ணு எடு."

தனம் எடுத்து வந்தது உன்னுடைய மிளகாய்ப்பழச் சிவப்புப் புடவை. வெளுத்து வெளுத்து வெற்றிலைப் பாக்குத் துப்பிய நிறத்துக்கு வந்துவிட்டதே, அதுதான். முனியம்மாக்கா அதை மடித்து, அடிவயிற்றிலிருந்து மேலே தூக்கிச் சுற்றி, முதுகில் முழங்காலை வைத்து இறுக்கிக் கட்டினாள். அம்மா, என்ன சுகம் தெரியுமா! முதுகு வலி நின்றது. மடிப்பில் வியர்வை இல்லை. ஒரே வீட்டில் பெண்ணும் அப்பனும் வயிற்றுத்துணி கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து பூண்டுக் குழம்பு சாப்பிட்டோம். மாப்பிள்ளை பார்த்துவிட்டு யாருக்கு முதலில் பத்தியம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

அந்தத் துணிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. சட்டைக்குள் உன் புடவை இருக்கும் வரையில் வயிறு தட்டையாகத் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்து எழுந்துவிடலாம் என்று நம்பி, "இந்த ஞாயித்துக்கெழம முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

கரீம் பாய் தன் தொட்டியில் விறகு நிறுக்கும் பெரிய தராசைக் கொண்டுவந்து கோயில் வாசலில் மாட்டினார். ஒரு தட்டில் வெல்லம் ஏற்கெனவே குவிந்திருந்தது.

"இன்னா பாய், இது எனக்கா, தேருக்கா?"

"ஒம்போது மணங்கு தோஸ்து. ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தி இதே தராசுல நீ நின்ன எடை. ஆத்தா கம்மல கயட்டிக் குடுத்து அப்பவே சொல்லி வெச்சிட்டா. அது சொன்ன கணக்க நான் மாத்த மாட்டேன்."

கம்மல் எங்கே என்று கேட்டபோது காது புண் என்றாயே, அம்மா?

பூசாரி வந்தார். "சட்டய கயட்டு" என்றார். கழற்றினேன். "உள்ள இன்னா அது? அதையும் கயட்டு. ஒடம்புக்குத்தான் எடை."

கூட்டம் உன் புடவையை அடையாளம் கண்டுகொண்டது. யாரோ "அட, கெயவி பொடவ" என்றார்கள். ஒரு கணம் ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, கம்மல் இல்லாத காதோடு நீ கூசாமல் நடமாடினாயே என்று தோன்றியது. முடிச்சை அவிழ்த்துப் புடவையைத் தனத்தின் கையில் கொடுத்தேன். தோல் மொத்தமும் மளமளவென்று இறங்கித் தொங்கியது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள்கூட அகப்பையோடு நின்றுவிட்டாள்.

முனியம்மாக்காவின் குரல்தான் முதலில் கேட்டது. "இன்னாத்த பாக்கறீங்க? சாவ இருந்து பொயச்சவன் தோலு அது! நல்லா பாத்துக்கோங்க, இன்னிக்கி இனாம்!"

நானே குனிந்து பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, வயிறு தனியாகச் சிரிக்க, தெரு முழுவதும் சிரித்தது. துறைமுகத்தில் சிரித்தது போல் இல்லை அம்மா. இந்தச் சிரிப்பில் எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

தட்டில் குந்தினேன். அசையவில்லை. வெல்லத் தட்டு தரையில், நான் ஆகாசத்தில். தரித்திரம் பிடித்த காக்காய் மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் வெல்லத்த எடுத்துடலாம்" என்றேன்.

"அம்மனுக்கு வெச்சத எடுப்பியா?" என்று முனியம்மாக்கா சீறினாள். "உங்காத்தா இன்னா வேண்டிகினா? எம்புள்ள எடைக்கு எடைன்னா. புள்ளயோட புள்ளையும் அவ புள்ளதான். ஏறுடி வள்ளி!"

வள்ளி ஒரே தாவலில் என் முதுகில் தொற்றிக்கொண்டாள். தட்டு இறங்கியது. போதவில்லை. சரோஜா குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வைத்தாள் என்ன, தொங்கிய தோலில் அது தூளியில் கிடப்பது போலப் படுத்துக்கொண்டது. விரலால் ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. இந்தத் தோலால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று யார் சொன்னது?

இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஒரு விரல் அகலம்தான். கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தனம் முன்னால் வந்தாள். கையிலிருந்த உன் புடவையை மடித்து என் தோளில் போட்டாள்.

"அத்தையும் ஏறிக்கட்டும்."

முள் நடுவில் வந்து நின்றது. குலவைச் சத்தத்தில் குழந்தை அலறியது. கரீம் பாய் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "நான் கை வெக்கல, நான் கை வெக்கல" என்றார். யாரும் அவரைக் கேட்கவே இல்லை. அவருடைய கால் எங்கே இருந்தது என்று நானும் கேட்கவில்லை.

வெல்லத்தைத் தெருவுக்கே உடைத்துக் கொடுத்தோம். எனக்கு ஒரு சின்னக் கட்டி. என் இரைப்பைக்கு அது விருந்து.

புடவை இப்போது குழந்தைக்குத் தூளியாக உத்தரத்தில் தொங்குகிறது. எனக்கு முனியம்மாக்கா வேறு துணி கொடுத்திருக்கிறாள். முதுகு வலித்தால் கட்டிக்கொள்வேன், மறைக்க அல்ல. இன்று காலை தெருக் குழாயில்தான் குளித்தேன். பக்கத்து வீட்டுப் பையன் என் கைத்தோலை இழுத்துப் பார்த்து, "இன்னும் வருமா?" என்றான். "வரும், சாத்தாங்காடு வரைக்கும் வரும்" என்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அம்மா. எனக்கு ஊட்ட உனக்கு இனி வழியில்லை, எனக்கும் இடமில்லை. ஆனால் தூளியில் கிடப்பவளின் தோலில் ஒரு சுருக்கமும் மிஞ்சாதபடி, உன் கையால் ஊட்டுவது போலவே ஊட்டி நிரப்பிவிடுகிறேன். அடுத்த ஆடியில் வந்து அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்.

இப்படிக்கு,
ஒன்பது மணங்காகப் போய் ஆறு மணங்காகத் திரும்பி வந்த
உன் பிள்ளை,
ஏகாம்பரம்