எனக்கென்று ஒரு பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தான். அப்பா வீட்டில் இருக்கிறேன் என்று பெயர். அவரோ உங்களுக்குத் தாய்மாமன். கோபித்துக்கொண்டு போகக்கூட எனக்கு வேறு வீடு இல்லை, பாருங்கள்.

பாப்பா போனதற்கு என் ராசிதான் காரணம் என்று அத்தை இன்னும் சொல்கிறார்களாம். நோய்க்கூறு நம் இருவர் ரத்தத்திலும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்ததால்தான் குழந்தைக்குக் கழுத்தே நிற்கவில்லை என்று டாக்டர் நம்மை உட்காரவைத்துச் சொன்னார். நீங்கள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. இப்போது உங்கள் தங்கையை என் தம்பிக்குப் பேசுகிறார்கள். இருவருக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 15

என் வாயாடிக்கு,

பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும் நேரம்தான் எனக்கு நிம்மதி. அம்மாவிடம் பேச்செடுத்தேன். “அண்ணன் வீட்டுல பொண்ணு எடுத்தேன், அங்கயே பொண்ணு குடுக்கிறேன். யாருடா கேக்கறது?” என்றாள். அதற்குமேல் தெம்பில்லை. உன் தம்பியிடம் நீயே சொல்லேன். சீக்கிரம் வந்துவிடு.

உன் அத்தான்

ஏப்ரல் 2

அத்தானுக்கு,

சொன்னேன். “போக்கா, நான் கல்லு மாதிரி இருக்கேன்” என்று சிரித்தான். பிறகு என்ன நினைத்தானோ, தானே போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். அவனிடமும் அந்த நோய்க்கூறு இருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

தெம்பில்லை என்று இனி எழுதாதீர்கள். எனக்கு மட்டும் இருக்கிறதா?

உங்கள் மனைவி

ஏப்ரல் 20

அன்புள்ளவளுக்கு,

சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். “அப்ப குத்தம் அவ மேல இல்லையாடா?” என்றாள் அம்மா. “யார் மேலயும் இல்லம்மா. உன்கிட்டயும் மாமாகிட்டயும் இருந்து எங்களுக்கு வந்தது” என்றேன். பாதியில் கை கழுவிவிட்டாள்.

தங்கைக்கு ரத்தம் பார்த்தோம். அவளிடம் இல்லை. தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் தங்கை, “எனக்கு வேண்டாம்ணா. அண்ணி அழுதப்ப ஒருத்தர்கூட அவங்க பக்கம் நிக்கல. எல்லாரும் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். எனக்குன்னு ஒரு பக்கம் வேணும்” என்றாள்.

அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வந்துவிடேன்.

உன் அத்தான்

மே 6

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் தங்கை என்னைவிடக் கெட்டிக்காரி. நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தையல்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். மாடிப்படி இருட்டு, தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். இங்கே நான் யாருக்கும் மகளும் இல்லை, மருமகளும் இல்லை. படுத்தால் தூக்கம் வருகிறது.

அத்தை மேல் கோபமில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பத்தான் முடியவில்லை. நீங்கள் வருவதானால் வாருங்கள். சமாதானம் பேச யாரையும் கூட்டி வராதீர்கள். இன்னொரு பிள்ளையைப் பற்றியும் வேண்டாம். பாப்பாவைப் பற்றிப் பேசலாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவளுக்காக இன்னும் அழவே இல்லை.

பாப்பாவின் அம்மா