மூன்றாம் அறைச் சாவி

ஆடி 3, வெள்ளி. குற்றாலம்.

இன்று நான் அருவியில் குளித்துத் திரும்பியபோது, விடுதி வாசலில் ஒருவர் தலை சொட்டச் சொட்ட நின்று மூன்றாம் அறைச் சாவி கேட்டார். அது சிவகிரிக் குடும்பத்தின் அறை. மகளின் கல்யாண நகை உள்ளே இருந்தது.

"பொண்ணுக்குத் தாய்மாமன் நான். அவங்க இன்னும் அருவியில குளிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார் மெல்ல.

நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். சாவி காக்கும் மைதீன், "அவுக வரட்டும், இங்கன உக்காருங்க" என்றார். ஆள் நழுவிவிட்டான்.

"எப்படிக் கண்டீர்?" என்று மைதீனைக் கேட்டேன்.

"அருவியில நின்னவனுக்குக் காது அடைச்சிருக்கும், கத்தித்தான் பேசுவான். இவன் ரகசியம்லா பேசுதான்! நீங்க இப்பம் கேட்டது தெருவுக்கே கேட்டுட்டு, அண்ணாச்சி."

பிறகு வந்த குடும்பம், பெண்ணுக்குத் தாய்மாமனே இல்லை என்றது.

முப்பது வருஷமாகக் கோர்ட்டில் பிறர் சொன்னதை எழுதுகிறேன். எந்தக் குரலில் சொன்னார்கள் என்று ஒருநாளும் குறித்ததில்லை.