அண்ணன் எடைக்கு ஒரு ஃபோர்க்

மார்ச் 4

பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் போய்விட்டது. ஒரு குழாயில் எண்ணெய் வழிந்து பிரேக் வரை இறங்கியிருக்கிறது. இன்னொன்று பாறையில் மோதி வளைந்தே விட்டது. "ஆயில் சீல் மாத்திப் பிரயோஜனம் இல்ல, ஜோடியா வேற போட்டுரணும்" என்றார் மெக்கானிக் மாமா.

மலைமேல் இருக்கும் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் வேலையை மருந்துக்கடைக்காரர் எனக்குத் தந்ததே இந்த வண்டியை நம்பித்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானாகத் தேடிக்கொண்ட வேலை. வண்டி மேலே ஏறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

மார்ச் 6

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று என் வண்டிக்கென்றே வருகிற சாதாரண ஃபோர்க். மற்றது பந்தய வண்டியிலிருந்து கழற்றியது. தங்க நிறம், நல்ல தடிமன். அண்ணன் அதைத் தடவிக்கொண்டே நின்றான். "இதப் போட்டா சும்மா பறக்கும் மாமா!"

அதையே மாட்டினார்கள். மாட்டியதும் ஓட்டுகிறவரை உட்கார வைத்து, முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது வழக்கம். அளந்தார்கள். யாரை உட்கார வைத்து? அண்ணனை! அவன் என்னைப் போல இரண்டு மடங்கு. "கச்சிதம்" என்றார் மாமா. வண்டிக்காரி ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறேன், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 7

விழுந்தேன். மலைத் தடத்தில், ஓடைக் கற்களின் மேல் முன்சக்கரம் அமுங்கவே இல்லை. கல்லுக்குக் கல் துள்ளியது, ஹேண்டில்பார் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. இருமல் மருந்துப் பாட்டில்கள் உடைந்து பெட்டியெல்லாம் பிசுபிசுப்பு.

"ஓட்டத் தெரியாத ஊமைக்கோட்டானுக்கு எந்த ஃபோர்க் போட்டா என்ன?" என்றான் அண்ணன். அம்மாவும் ஆமாம் போட்டாள்.

ஓட்டத் தெரியாதா? எனக்கா? மழைல அந்தத் தடத்துல ஏறி இறங்கினது யாரு, இவனா? இவன் முதல் வளைவையே தாண்டினதில்ல! சத்தமா பேசுறவன் சொன்னா எல்லாம் சரியாயிடுமா?

மார்ச் 8

கோபம் ஆறவில்லை.

மார்ச் 9

"வேற பையனப் பாக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டார் மருந்துக்கடைக்காரர்.

வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணன் அங்கேதான் அரட்டையில் இருந்தான். பூட்ஸ், ஹெல்மெட், மருந்துப் பெட்டி எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்தேன்.

"அளந்து பாருங்க."

"என்னம்மா?"

"அளந்து பாருங்க மாமா! ஓட்டுறது நான்தானே? அவனா மருந்து கொண்டு போறான்?"

எல்லோரும் திரும்பினார்கள். காதெல்லாம் கொதித்தது. இறங்கவில்லை. மாமா டேப்பைப் பிடித்தார். முழுப் பாரத்தோடு உட்கார்ந்தும் ஒரு விரல் அகலம்கூட அமுங்கவில்லை.

"அட, இவன் ஏறி உக்காந்தான், நானும் அளந்து தொலைச்சிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். பிறகு, அப்போதும், அண்ணனிடம்தான் கேட்டார்! "சாதாரணத்தையே போட்டுரலாமா தம்பி?"

"என்கிட்ட கேளுங்க" என்றேன்.

மார்ச் 14

சாதாரண ஃபோர்க்கோடு மேல்வீடு வரை எல்லா மருந்தும் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அண்ணன் வண்டியை ஒரு சுற்று எடுத்துப் போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். "என்னடி இது, பிரேக்கத் தொட்டா முன்னாடி தொபுக்குனு அமுங்கிக் குத்துது!"

"உன் எடைக்குக் குத்தும்" என்றேன். சாவிக்குக் கையை நீட்டினேன்.