கையால் தட்டினால் ஓடுகிறது

மரக்காணம்
9.6.2025

அன்புள்ள சங்கரிக்கு,

வெள்ளிக்கிழமை மதியம் உன் ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். நாற்பது நிமிடம் நின்றேன். நீ இறங்கி வரவில்லை. வாட்ச்மேன், "மேடம் இப்ப எழுந்து வர முடியாதாம் சார், மெயின்ஃப்ரேம்ல ஏதோ ஓடிக்கிட்டு இருக்குதாம்" என்றான். "ஓடுறத பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுப்பா" என்றேன். சிரித்துவிட்டான். நான் ஜோக் அடிக்கவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது என்றுதான் கடிதம் என்று வைத்துக்கொண்டோம். அதனால் கடிதத்திலேயே கேட்கிறேன். புருஷன் வாசலில் நிற்கும்போது எழுந்து வர முடியாத அது என்ன வேலை? உன் ஒரு வருஷக் கான்ட்ராக்ட் இந்த 30ஆம் தேதியோடு முடிகிறது. முடிந்ததும் மரக்காணம் வந்துவிடுவாயா, மாட்டாயா? ஒளிக்காமல் எழுது. நம் உப்பு லோடு வண்டி வியாழக்கிழமை அந்தப் பக்கம் வரும், டிரைவரிடம் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
பிரபாகரன்

*

வேளச்சேரி
12.6.2025

என்னங்க,

நீங்கள் வந்தது மாலையில்தான் தெரிந்தது, வாட்ச்மேனுக்குப் பதில் சொல்லி அனுப்பியது கூட வேலை பார்க்கிற பெண். மன்னித்துக்கொள்ளுங்கள். மோர் கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா.

மெயின்ஃப்ரேம் என்பது ஒரு பேங்கின் கணக்கு முழுவதையும் வைத்திருக்கும் பழைய காலத்துப் பெரிய மெஷின். கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்தது அதில்தான். அதில் இப்போது சில புது டூல்களைப் போட்டு ஓடவைக்க வேண்டும். நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி மெஷினிடம் சொல்லி முடிக்கிற ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்கு ஷெல் என்று பெயர். இந்த மெஷினில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பழைய ஷெல் இருக்கிறது. டூல் செய்தவர்களோ பாஷ் என்கிற புது ஷெல்லுக்காக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பழையது பாதி வரை படித்துவிட்டு, "அடைப்புக்குறி வந்திருக்கிறது, நான் எதிர்பார்த்தது புது வரி" என்று சொல்லி நின்றுவிடுகிறது. அது என்ன சொல்கிறது என்று எனக்கே புரியவில்லை.

30ஆம் தேதிக்குள் ஓடவைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வருவேனா மாட்டேனா என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு இந்த வேலை வேண்டும். அதைத்தான் ஒளிக்காமல் எழுத முடியும்.

சங்கரி

*

மரக்காணம்
15.6.2025

அன்புள்ள சங்கரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி புரிகிறது. பழைய ஆளுக்குப் புது ஆளின் சீட்டு புரியவில்லை என்றால் பழைய ஆளை அனுப்பிவிட வேண்டியதுதானே? நான் அப்படித்தான் செய்வேன்.

குயிலாப்பாளையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற அரவிந்தனிடம் கடிதத்தைக் காட்டினேன், வீட்டு விஷயத்தை மடித்து மறைத்துக்கொண்டுதான். "அண்ணே, ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றான். செய்து பார்.

பிரபாகரன்

*

வேளச்சேரி
18.6.2025

என்னங்க,

ஆஃப் பண்ணினால் பேங்க்கே நின்றுவிடும். அரவிந்தனிடம் சொல்லிவிடுங்கள். பழையதையும் அனுப்ப முடியாது. பேங்கின் மற்ற வேலைகள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

இந்த வாரம் இரண்டு தப்பைக் கண்டுபிடித்தேன். டூலின் முதல் வரியில் பாஷ் எங்கே இருக்கிறது என்று எழுதியிருந்த இடம் இந்த மெஷினில் இல்லவே இல்லை, மாற்றினேன். இந்த மெஷின் எழுத்துகளை வைத்துக்கொள்ளும் முறை வேறு, வந்த ஃபைல் அதற்குக் கிறுக்கலாகத் தெரிந்தது, அதையும் சரிசெய்தேன். ஆனால் இப்போதுதான் பைத்தியம் பிடிக்கிறது. நான் உட்கார்ந்து கையால் தட்டினால் அழகாக ஓடுகிறது. அதே வரிகளைத் தானாக ஓடட்டும் என்று வேலைப் பட்டியலில் போட்டால், மறுபடி அதே அடைப்புக்குறி, அதே புது வரி. ஓர் எழுத்து மாறவில்லை. கூட இருக்கிற சில்வியாவும் பார்த்துவிட்டாள், "அக்கா, இதுக்கு உங்களத்தான் புடிச்சிருக்கு, வேற ஆள் போட்டா ஓட மாட்டேங்குது" என்கிறாள்.

இன்னும் பன்னிரண்டு நாள்.

சங்கரி

*

மரக்காணம்
21.6.2025

அன்புள்ள சங்கரிக்கு,

வியாழக்கிழமை ஒரு லோடு கெட்டது. நான் எழுதுகிற சீட்டு உனக்குத் தெரியும், எந்தக் கம்பெனி, எத்தனை மூட்டை, கீழே 'வழக்கம்போல'. பேக்டரி லோடை எப்போதும் ஏற்றுகிற பஞ்சநாதன் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டான். அம்சவள்ளிதான் ஆள் வைத்து ஏற்றினாள். ஐஸ் பேக்டரிக்குப் பழைய அம்பாரத்துக் கல் உப்பு போக வேண்டும், புதிதாக வாரிய வெள்ளை உப்பு போய்விட்டது.

"ஏம்மா, சீட்டப் பாக்கலையா நீ?"

"பாத்துதான் ஏத்துனேன். வழக்கம்போலன்னு எழுதியிருந்தீங்க. நான் வழக்கமா கடைக்குத்தானே ஏத்துறேன்? பஞ்சநாதன் அண்ணன் வழக்கம் எனக்கு எப்படிங்க தெரியும்? சீட்டுல ஒட்டியா வெச்சிருக்காரு?"

சீட்டில் ஓர் எழுத்து மாறவில்லை, வாங்கிப் படித்த ஆள்தான் வேறு.

அதனால் ஒன்று கேட்கிறேன், அசட்டுக் கேள்வி என்றால் விட்டுவிடு. நீ கையால் தட்டும்போது வாங்கிக்கொள்கிற ஷெல்லும் பட்டியலில் போடும்போது வாங்கிக்கொள்கிற ஷெல்லும் ஒன்றுதானா? யாராவது பார்த்தார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷின் நிற்கட்டும் என்றுதான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றால் நீ வருவாய், எனக்கு லாபம். அப்படியிருக்க இந்தக் கேள்வியை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிய தாளைக் கிழிக்கவும் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

பிரபாகரன்

*

வேளச்சேரி
26.6.2025

என்னங்க,

ஓடிவிட்டது.

வேறு வேறு ஷெல்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நான் உள்ளே நுழைந்ததும் பாஷ் வந்து நிற்கும்படி என் லாகின் கணக்கில் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டேன், தட்ட வசதி என்று. எழுதியதையே மறந்துவிட்டேன். பட்டியலில் போகிற வேலை அந்த வரியைப் பார்ப்பதே இல்லை, நேராகப் பழைய ஷெல்லிடம் போய் நின்றிருக்கிறது. இப்போது அந்த வேலையிலேயே, இந்த இடத்தில் இருக்கிற பாஷைக் கூப்பிடு என்று முழு விலாசத்தோடு எழுதிவிட்டேன். மூன்று நாளாகத் தானாக ஓடுகிறது. வேலையை நிரந்தரம் செய்து கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு நஷ்டம் என்று தெரிந்தும் கேட்டீர்களே. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷமா, அழுகையா என்று பிடிபடவில்லை. அப்புறம் மேனேஜரிடம் போய், வெள்ளிக்கிழமை மட்டும் ஊரிலிருந்து வேலை செய்யலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

வாரத்தில் மூன்று நாள் வருகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை வேலை முடிகிற வரை கதவைத் தட்டக் கூடாது, வந்தவர்களுக்குக் காபி போடக் கூப்பிடக் கூடாது. வேலையை எப்போது விடுகிறாய் என்ற பேச்சும் வரக் கூடாது. இதில் எதையும் குறைக்க மாட்டேன். உங்கள் வியாபாரப் பேச்செல்லாம் வேண்டாம்.

சங்கரி

*

மரக்காணம்
28.6.2025

அன்புள்ள சங்கரிக்கு,

நீ சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்ததா என்று இன்னும் சந்தேகம்தான். அதனால் எழுதிக் காட்டுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

திங்கள் முதல் வியாழன் வரை சென்னை. வியாழன் சாயங்காலம் ஈ.சி.ஆர் பஸ், இறங்குகிற இடத்தில் நான் நிற்பேன். வெள்ளிக்கிழமை முன் அறை உனக்கு, இன்டர்நெட் லைனுக்குச் சொல்லிவிட்டேன். ஆறு மணி வரை கதவைத் தட்ட மாட்டேன். யார் வந்தாலும் காபி நான் போடுவேன், நன்றாக இருக்காது, குடிப்பவர்கள் பாடு. வேலையை எப்போது விடுகிறாய் என்று கேட்க மாட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு. திங்கள் விடிகாலை பஸ் ஏற்றிவிடுவதும் என் பொறுப்பு.

இருபது வருஷ வியாபாரத்தில் கேட்ட விலைக்கு அப்படியே ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

பிரபாகரன்