சிரிக்காத முன்வரிசை

ஆடி, சனிக்கிழமை இரவு.

குற்றாலம் நாடக விழாவில் எங்கள் தெருப் பெண்கள் போட்ட நகைச்சுவை நாடகம். மருமகளை மிரட்ட, அருள் வந்ததுபோல் நடிக்கும் மாமியார் வேடம் எனக்கு. நான் ஆடியதும் கூட்டம் சிரிக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள்.

நாடகத்தை எழுதிய எதிர்வீட்டுச் செல்வி, திரை விழுந்ததும் பிடித்துக்கொண்டாள். "யக்கா, காமெடி பண்ணச் சொன்னா கோயில் கொடை நடத்திட்டு வந்திருக்கிய! பரிசு போச்சு!"

"நெசம் மாதிரி ஆடணும்னு நீதானேட்டி உயிரை வாங்குன?" என்றேன்.

அதற்குள் ஒரு பெண் கைக்குழந்தையோடு மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். "தாயே, பிள்ளை ராவெல்லாம் உறங்க மாட்டேங்கான். துன்னூறு பூசி விடுங்க."

இது நாடகம் என்று மூன்று தடவை சொன்னேன். அவள் நகரவில்லை. மேடையில் விபூதிக் கிண்ணம் என்று நான் ஏந்தி ஆடியதில் இருந்தது விபூதி அல்ல, முகப் பவுடர். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையே பூசினேன். குழந்தை தும்மியது. செல்வி அதற்குச் சிரிக்கிறாள்!

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நாளைக்கும் ஒரு காட்சி இருக்கிறது. நாளையாவது சிரிக்க வைக்க வேண்டுமாம். கிண்ணத்தைக் கழுவி, கோயில் விபூதியைக் கொட்டி வைத்துவிட்டேன்.