தூளியில் ஆடிய டேங்க்

1951 மார்ச் 2, வெள்ளி

டிராக்டரைப் பார்த்தேன். அது டிராக்டர்தான் என்று மற்றவர்கள் சொல்வதால் நம்புகிறேன். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் பின்னால் விட்டுப் போனது. ஸ்டியரிங் வட்டத்துக்குள் கொடி ஏறிப் பூத்திருக்கிறது. பிடுங்க மனம் வரவில்லை, நாளைக்குப் பிடுங்கிக்கொள்ளலாம்.

எஞ்சின் திரும்புகிறது. ஆனால் டேங்க்? மூடியைத் திறந்து குச்சியை விட்டேன், நட்டுவைத்ததுபோல் நின்றது. உள்ளே துருவும் கறுப்புக் களியும்.

இருபதாம் தேதிக்குள் ஓட வேண்டும். அன்றைக்கு இந்த ரப்பர் எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் ஆட்கள் அத்தனை பேரும் பெரிய டிவிஷனில் போட்டிருக்கும் முள்வேலிக்குள் போய்விட வேண்டும். அன்றே பட்டாளத்தார் வரிசை வீடுகளான இந்த லயங்களைக் கொளுத்திவிடுவார்கள், காட்டில் ஒளிந்திருக்கும் மலாயா கம்யூனிஸ்டுகளுக்கு அவை உதவக் கூடாதாம். போன மாதம் எஸ்டேட் லோரியைக் காட்டுக்காரர்கள் எரித்துவிட்டார்கள். வேறு லோரிக்காரன் எவனும் இந்தப் பாதையில் வரமாட்டேன் என்கிறான். ஆகவே ரெம்பாவ் பக்கத்துக் காட்டோரத்தில் நான், ராசா என்ற ஊரில் பிறந்து சிரம்பான் மோட்டார்ப் பட்டறையில் எண்ணெயில் ஊறிய ஆம்புரோஸ். டிராக்டர் ஓடாவிட்டால் இவர்கள் தலையில் சுமந்து போவதுதான் மிஞ்சும். மற்றது நெருப்புக்கு.

மார்ச் 4, ஞாயிறு

பூசைக்குப் போக வழியில்லை. மரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். பால்மரம் இலை உதிர்க்கும் மாதம், சிவப்பு இலைகள் மடியில் விழுந்துகொண்டே இருந்தன. மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோயிற்று. மறந்தது சுகமாகவும் இருந்தது.

மார்ச் 5, திங்கள்

டேங்கைக் கழற்றினேன். உள்ளே பொடிக்கல்லும் சாம்பல் தண்ணீரும் போட்டுக் குலுக்க வேண்டும். பட்டறையில் இருவர் மாறி மாறி உருட்டுவோம். இங்கே எல்லோரும் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுகிறார்கள். வேலையாட்களை மேய்க்கும் தண்டல் இராஜமாணிக்கத்திடம் ஆள் கேட்டேன்.

"ஆளுக்கு எங்கலா போறது? ஆயாக்கொட்டகையில ராக்கம்மா இருக்கு. கேட்டுப் பாருங்க."

போனேன். உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். எல்லாத் தூளியையும் ஒரே கயிற்றில் கோத்து, மூலையில் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள் ராக்கம்மா. ஒரு இழுப்புக்கு அத்தனையும் ஒன்றாக ஆடின. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"என்ன வேணும்?"

"இதுக்கும் ஒரு இடம் இருக்குமா?" என்று தூக்கி வந்த டேங்கைக் காட்டினேன்.

"வயித்துல என்ன?"

"கல்லு."

"அப்ப ராத்திரியெல்லாம் அழுதிருக்குமே," என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து ஒரு கோணியைக் கொண்டுவந்து, கடைசித் தூளிக்குப் பக்கத்தில் டேங்கைக் கட்டிவிட்டு, அதையும் கயிற்றில் கோத்தாள்.

சளக்… சளக்… பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் இன்னும் நன்றாகத் தூங்கின. எனக்கும் கண் சொருகியது.

மார்ச் 6, செவ்வாய்

சளக் சளக். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 8, வியாழன்

தினமும் களியை வடித்து, புதுக்கல் போட்டு, மறுபடி தூளியில் கட்டுகிறோம். கறுப்பாக வந்தது இன்று செம்மண் நிறத்தில் வருகிறது.

தண்டல் சொல்லித் தெரிந்தது. ராக்கம்மாவின் புருஷனை நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் சயாம் ரயில் போட ஏற்றிப் போனான். அவர் செத்ததைப் பார்த்ததாகத் திரும்பி வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. உயிரோடு பார்த்ததாகவும் சொல்லவில்லை. அதனால் பொட்டும் இருக்கிறது, தாலியும் இருக்கிறது. வேலிக்குள் வரமாட்டேன் என்று தண்டலிடம் சொல்லியிருக்கிறாள். "வந்தா இந்த வூட்டுக்குத்தானே வருவாரு? வேற எந்த வூடு அவருக்குத் தெரியும்?"

இருபதாம் தேதிக்குப் பிறகு இங்கே இருப்பவர்களைக் காட்டுக்காரர் என்றுதான் எண்ணுவார்கள் என்று தண்டல் எடுத்துச் சொன்னாராம். அதற்கும் அசையவில்லையாம்.

நான் துருவைத் தேய்க்கத் தேய்க்க அவள் வீடு எரியும் நாள் நெருங்குகிறது. தெரிந்துதான் கயிற்றை இழுக்கிறாளா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. முகம்கூடத் தெரியாத ஒரு மனிதன் திரும்பி வராமலே இருக்கட்டும் என்று மனம் ஒரு கணம் கேட்டது. சீ. அதுவும் தவக்காலத்தில்.

மார்ச் 11, ஞாயிறு

பாலை உறைய வைக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து மிச்சத் துருவைக் கரைத்தேன். பிள்ளைகள் பக்கம் வேண்டாம் என்று ஆற்றோரத்தில். பிறகு சாம்பல் தண்ணீர், நல்ல தண்ணீர், வெயில்.

மூடியைத் திறந்து கண்ணை வைத்தால், உள்ளே வானம். துரு தின்ற ஊசிப் பொத்தல்கள் வழியே வெயில் வந்து, நடுப்பகலில் நட்சத்திரங்கள். வேலை கெட்டது என்று தலையில் கை வைக்க வேண்டியவன், ராக்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. எண்ணெ நிக்காதே."

பற்ற வைக்க ஈயம் இல்லை. சிரம்பானிலிருந்து அடுத்த காவல் வண்டி இருபதுக்குப் பிறகுதான். அவள்தான் சொன்னாள்: "பால் ஊத்துங்க. எங்க லயத்துல எது ஒழுகினாலும் பாலுதான். கூரை, வாளி, என் செருப்பு."

ஊற்றினேன். பச்சை ரப்பர்ப் பாலை டேங்குக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் ஓடும்படி உருட்டிக் காயவைத்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு முறை யோசித்திருப்பேன்.

மார்ச் 14, புதன்

பகல் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் மண்டியிட்டு அடியில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, காய்ந்த கையை என்னிடம் காட்டினாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் வண்டியில ஏறுவீங்கதானே?" என்று கேட்டேன்.

"மொதல்ல அது ஓடட்டும்."

மார்ச் 18, குருத்தோலை ஞாயிறு

கிளப்புவதற்கென்றே தனியாக உள்ள சின்ன டேங்கில் பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். லயமே கூடிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஆயாக்கொட்டகைக்குப் போய், "அங்க வந்தா, நான் இருக்கேன்," என்றேன்.

"எனக்கு ஆள் இருக்காரு," என்றாள்.

"இருக்காரா?"

கயிறு நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

ஏன்டா கேட்ட? எட்டு வருசமா அந்தக் கேள்விய அவ தன்னையே கேட்காமலா இருந்திருப்பா? நீ யாரு கேக்க? டேங்க் கழுவ வந்தவன், கழுவிட்டுப் போ.

மார்ச் 20, செவ்வாய்

தூங்குமுன் இதை எழுதிவிட வேண்டும்.

கிளம்பிய பிறகு வண்டி ஓடுவது மண்ணெண்ணெயில், காலையில் அதைப் பெரிய டேங்கில் நிரப்பினேன். இரண்டு நடை நன்றாகவே போயிற்று. மூன்றாவதுதான் கடைசி. தண்டலும் மிச்சக் குடும்பங்களும் டிரெய்லரில் ஏறிவிட்டார்கள். ராக்கம்மா தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஏறினாள். நாங்கள் திரும்பிப் பார்க்கும்போதே புகை கிளம்பிவிட்டது.

பாதி வழியில், இரண்டு பக்கமும் புதர்க்காடு, வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. குழாயைக் கழற்றினேன். மூக்குச்சளி மாதிரி இழைஇழையாக வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தண்ணீரில் ரப்பர் கரையாது, மண்ணெண்ணெயில் கரையும். ரப்பர் சோற்றைத் தின்று வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். புத்தி எங்கே இருந்தது என்றும் தெரியும்.

ஆறு மணிக்கு மேல் வேலிக்கு வெளியே நடமாடினால் சுட உத்தரவு. வெயில் சாய்ந்துவிட்டது. மண்ணெண்ணெயை வடிகட்டி வாளியில் எடுத்து, வாளியிலிருந்தே எஞ்சினுக்குக் குழாய் விட்டால் ஓடும். வடிகட்டத் துணி? எல்லோர் உடுப்பிலும் பால் காய்ந்து ஒட்டியிருந்தது, போர்வையில்கூட. அதில் வடித்தால் மறுபடியும் அதே ரப்பர்தான் வரும். என் சட்டையும் அப்படித்தான்.

ராக்கம்மா தகரப் பெட்டியைத் திறந்தாள். ஒரு வேட்டி. கரை வைத்தது, மடிப்பு மஞ்சளித்திருந்தது, நாப்தலின் வாசனை. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ராக்கம்மா, அது வேணாம்மா," என்றார் தண்டல்.

"வேலைக்கு இத அவரு கட்டினதே இல்ல. பால் கறை கிடையாது."

பல்லால் ஒரு ஓரத்தைக் கடித்துக் கிழித்தாள். அந்தக் காட்டில் அது எவ்வளவு பெரிய சத்தமாகக் கேட்டது. நான் வாங்கத் தயங்கினேன். "புடிங்க, இருட்டப் போவுது," என்றாள்.

மீதி வழி முழுக்க என் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து, வாளியை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். சேலை முழுக்க மண்ணெண்ணெய். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நாற்றத்தினால் என்று நினைத்துக்கொள்ளும்படி முகத்தை வைத்திருந்தாள். நான் பாதையை மட்டும் பார்த்தேன். கேட்டை மூடப்போன கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்து மலாயில் திட்டினான். என் காதுக்கு அது ஆசீர்வாதம்.

மார்ச் 23, பெரிய வெள்ளி

உபவாசம். வேட்டித் துண்டுகளைச் சோப்புப் போட்டு மூன்றாம் முறை துவைத்தேன். வாடை போகவில்லை.

மார்ச் 27, செவ்வாய்

காவல் வண்டியில் ஈயம் வந்தது. டேங்கை மறுபடி கழற்றிப் பாலையெல்லாம் சுரண்டி, பொத்தல்களை முறையாகப் பற்றவைத்தேன். ஒரு குறையும் இல்லை. பட்டறை முதலாளி திரும்பி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வேட்டித் துண்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு ராக்கம்மாவின் புது வீட்டுக்குப் போனேன். பச்சைப் பலகை வாசனை. வாங்கி, ஒரு துண்டை முகத்தருகே வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் என்னிடமே நீட்டினாள்.

"வண்டியில வச்சுக்குங்க. துடைக்கக் கொள்ள வேணும்ல."

வாங்கிக்கொண்டு நின்றேன்.

"சிரம்பானுக்கு எப்ப போறீங்க?"

"டிராக்டர்ல இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு," என்றேன்.

"காலையிலேருந்து சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லாத்தான் ஓடுது." அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். விறகைத் தள்ளிவிட்டபடியே, "இருந்தாலும் பாருங்க," என்றாள்.

நாளைக்கு டேங்கை இன்னொரு முறை கழற்றப் போகிறேன்.