போன வருசத்துக் கொழுந்து

அம்மாவுக்கு, ஷியூஜென் வணங்கி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? மழையில கல்லறை மேட்டுக்கு ஏறாதீங்க. அப்பாவைத் தம்பி போய்க் கும்பிட்டா போதும்.

இங்க ஹாங்சோ மலையில புதுத் தேயிலை வந்தாச்சு. முதலாளிக்காக நாள் முழுக்க ருசி பார்த்து வாங்குறேன். நேத்து ஒரு வேடிக்கை. தேயிலை விக்கிற லோவ் அக்கா ஒரு கோப்பையை நீட்டினாங்க. "இப்பத்தான் பறிச்ச கொழுந்து மாதிரி இருக்கே!"ன்னு புகழ்ந்தேன். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"அடிப்பாவி, அது போன வருசத்துச் சரக்கு! சும்மா உன்னைச் சோதிச்சேன். நாக்கை எங்கடி அடகு வச்ச?"

தெரிஞ்சேதான் சொன்னேன்னு நானும் சிரிச்சு சமாளிச்சேன். பக்கத்துல நின்ன முதலாளி மட்டும் சிரிக்கல. போன மாசம் வந்த காய்ச்சல் அப்பவே விட்டுடுச்சு, கவலைப்படாதீங்க.

ஒரு சின்ன உதவிம்மா. மிளகாய் நாக்கைக் கெடுத்துடும், தேயிலை வாங்கி முடிக்கிற வரைக்கும் உங்க ஊறுகாயை அனுப்பாதீங்கன்னு வருசா வருசம் சொல்லுவேனே, இந்தத் தடவை அனுப்புங்க. இருக்கிறதிலேயே காரமான ஜாடியா பார்த்து அனுப்புங்க. எனக்கு உறைக்குதான்னு பார்க்கணும்.

ருசி பார்க்கக் கோப்பையிலெல்லாம் ஊத்தி வச்சுட்டுக் கூப்பிடுறாங்க. போறேன்மா.